கில்பர்ட் நலமாக இருக்கிறார்

"எனக்கு ஒண்ணும் இல்ல புள்ள, நல்லாத்தான் இருக்கேன், கையில வேல கெடக்கு, பெறவு பேசுதேன்" என்று கில்பர்ட் போனை வைத்தபோது பஸ் கே.டி.சி. நகரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. தான் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலோர சீட். பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் முருங்கைக்காய்க் கட்டை வைத்துக்கொண்டு தூங்கி வழிகிறாள். டிக்கெட் கையில் கசங்கிக் கிடக்கிறது, ஆனால் கண்டக்டரிடம் தூத்துக்குடி என்று சொன்னதோ அவர் சில்லறை கேட்டதோ ஒன்றும் நினைவில்லை. அரைமணி நேரமாக நினைவில் இருந்ததெல்லாம் போனில் அடித்துக்கொண்டே இருந்த மணிச் சத்தமும், எடுக்காத புருஷனும், நாற்பத்தொன்பது என்கிற எண்ணும்தான். இப்போது குரல் கேட்டுவிட்டது. குழறாத குரல். பின்னால் ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம்கூடக் கேட்டது. அவருக்கு ஒன்றும் இல்லை, உயிரோடுதான் இருக்கிறார், பாத்திரத்தை உருட்டிக்கொண்டு இருக்கிறார். மாதாவே என்றாள் வாய்விட்டு. முருங்கைக்காய் அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். ஜெசிந்தாவுக்கு அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. போன உயிர் முழங்காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறி வந்தது. அப்புறம்தான் பசி தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவை வேலை பார்க்கிற சர்க்கரைநோய் கிளினிக்கிலேயே மேஜைமேல் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். காலையில் அரக்கப்பரக்க ஒரு டம்ளர் காப்பி குடித்ததோடு சரி. ஊருக்கெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அட்டவணை போட்டுக் கொடுக்கிறவள். பரவாயில்லை. இன்றைக்கு எல்லாமே பரவாயில்லை.

ஒண்ணும் இல்ல. அவர் சொன்னது அதைத்தானே. அந்த வார்த்தையை மனசு திருப்பிப் பார்த்தது, பார்த்த இடத்திலேயே மாட்டிக்கொண்டது. ஒண்ணும் இல்ல என்று அவர் சொல்லாத நாள் உண்டா? ரெண்டு வருஷத்துக்கு முந்தி, இதே தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கிறது, ஒன்பதாவது ஸ்தலம், ஆண்டவர் மூன்றாம் முறை குப்புற விழுகிறார் என்று உபதேசியார் ராகம் போட்டு வாசிக்கிறார், இவர் பக்கத்தில் நின்று சட்டையெல்லாம் தெப்பமாக நனைய, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்க, என்னங்க செய்யுது என்று அவள் கேட்டதற்கு என்ன சொன்னார்? ஒண்ணும் இல்ல புள்ள. சொல்லி முடிக்கவில்லை, ஆண்டவருக்குப் போட்டியாகக் கீழே விழுந்தார். காலையில் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் ஒருசந்தி இருந்திருக்கிறார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். யாரோ ஒருத்தி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மிட்டாயை அவள்தான் அவர் வாயில் திணித்தாள். மறுநாள் ஃபாதரே வீட்டுக்கு வந்து, நோயாளிகளுக்கு ஒருசந்தி கடன் இல்லை, நீங்க இருக்கவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். கில்பர்ட் தலையை ஆட்டினார். ஆனால் முகம் செத்துப்போயிற்று. இருபத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சுமை ஏற்றிய ஒவ்வொரு தடவையும் நேரம், எடை, கப்பல் பேர் என்று குறித்து வைத்த கை அது. சர்க்கரை என்று தெரிந்ததும் ஏணி ஏறக் கூடாது என்று கீழே இறக்கினார்கள், கொஞ்ச நாளில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கிரேன் போயிற்று, கடைசியில் ஒருசந்தியும் போயிற்று. இனிமே எனக்குச் செய்ய என்னதான் இருக்கு என்று ஒருநாள் கேட்டார். அவள் அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், வெங்காயம் எடுத்துத் தரச் சொன்னாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

போன் சின்னதாக அதிர்ந்தது. சர்க்கரை அளவைச் சொல்கிற பச்சை ஆப்தான். "கில்பர்ட்: 71." கீழேயே இன்னொன்று, "கில்பர்ட்: 104. கில்பர்ட் நலமாக இருக்கிறார்." நூற்று நான்கு! அவள் அந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்படியென்றால் சொன்னது பொய்யில்லை, ஏறிவிட்டது, சர்க்கரைத் தண்ணீரோ எதுவோ குடித்திருக்கிறார், ஆள் தப்பித்துவிட்டார். இந்த ஆப்புக்கு அவள் ஐந்துக்கு ஐந்து போட்டது சரிதான். மொத்தம் ஏழு ஆப், ஒவ்வொன்றுக்கும் இருபத்துமூன்று கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். நம்ம நோயாளிங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு, எதைச் சொல்லலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க ஜெசிந்தா, சாப்பாடு தெரிஞ்ச ஆளு நீங்கதான் என்று டாக்டர் ஒரு கத்தைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போய் ஒன்றரை மாசம் ஆகிறது. பேரெல்லாம் வாயில் நுழையாது, நிறத்தை வைத்து அவளே பேர் வைத்துக்கொண்டாள். நீலத்தில் பீட்சாவுக்குப் பதினாறு வகை இருந்தது, இடியாப்பத்துக்கு ஒன்றும் இல்லை. ஆரஞ்சு எந்த எண்ணைப் போட்டாலும் கைதட்டியது. சோதித்துப் பார்க்க நானூறு என்று போட்டாள், அதற்கும் தட்டியது. ஊதா, தமிழில் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, "உங்கள் இரத்தம் தற்போது இனிமையாக உள்ளது, வாழ்த்துகள்" என்றது. அதைப் படித்துவிட்டு டாக்டர் ஊசி குத்தும் அறையில் நின்று சிரித்த சிரிப்பில் ஒரு நோயாளி பயந்து எழுந்தே போய்விட்டார். எல்லா ஆப்பிலும் அவளுக்கு இருந்த பெரிய குறை வேறு. எண்ணைக் கையால் போட வேண்டும். கையால் போடச் சொன்னால் ஜனங்கள் என்ன போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? சோதனைக்கு ரெண்டு நாள் முந்தியிலிருந்து சோற்றைக் குறைத்து, வந்து நல்ல பிள்ளையாக உட்காருகிற ஜனங்கள். நூற்று எண்பதை நூற்று முப்பது என்று போட்டுவிட்டுத் தனக்குத்தானே சந்தோஷப்பட்டுக்கொள்வார்கள். பச்சை அப்படியில்லை. விரலைக் குத்தி மெஷினில் சொட்டு வைத்தால் போதும், எண் தானாகவே போனுக்குப் போய், அங்கிருந்து சொந்தக்காரர் போனுக்கும் போய்விடும். யாரும் கை வைக்க முடியாது, யாரும் பொய் சொல்ல முடியாது. அந்த வரியைத் தாளில் அடிக்கோடு போட்டு எழுதினாள். சோதனைக்காக கில்பர்ட் போனிலேயே ஏற்றி, மெஷினையும் இணைத்துக் கொடுத்து அஞ்சு வாரம் ஆகிறது. அவரும் தினம் காலையில் அவள் கிளம்பும்போது வாசலில் நின்று, நூத்தி முப்பத்தொண்ணு, நூத்தி இருவத்தெட்டு என்று எண்ணைச் சொல்லி வழியனுப்புவார். அதைக் கேட்டுவிட்டு அவள் பஸ் ஏறிவிடுவாள். பதினாலாவது கேள்வி, ஆபத்து வந்தால் குடும்பத்தாருக்குச் சொல்கிறதா என்பது. அதைப் பார்ப்பதற்காகத்தான் இன்றைக்குக் காலை பத்து மணிக்கு, மேஜையில் உட்கார்ந்து, அபாய அறிவிப்பு என்கிற பொத்தானை முதல்முதலாகத் தட்டிவிட்டாள். பதினொன்று நாற்பதுக்கு சிவப்பாக வந்தது. "கில்பர்ட்: 49. உடனே கவனிக்கவும்."

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது. நாலு தடவை அடித்தாள், எடுக்கவில்லை. ஐந்தாவது தடவைக்கும் ஆறாவது தடவைக்கும் நடுவில்தான், எதற்கு என்று தெரியாமலே, பச்சையில் அவருடைய வரைபடத்தைத் திறந்தாள். ஐந்து வாரத்தில் முதல் தடவை. ஏழு ஆப்பின் எழுத்தின் அளவு, நிறம், பொத்தான் எல்லாவற்றையும் நோண்டி நோண்டிப் பார்த்தவள், சொந்தப் புருஷனின் படத்தை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை. அவர்தான் வாயால் சொல்லிவிடுகிறாரே என்று இருந்துவிட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு, அடுத்த அரைமணியில் நூற்றுப் பத்து, அடுத்த நாள் இருநூற்று எழுபது, எண்பத்தாறு, முன்னூற்று ஐம்பது. ஒரு மனுஷ உடம்பு இப்படி ஏறி இறங்கினால் தாங்காது, கண்ணோ சிறுநீரகமோ எதுவோ ஒன்று போய்விடும். அதிலும் வெள்ளிக்கிழமைகள். போன வெள்ளி பதினொன்றரைக்கு அறுபத்தொன்று. அதற்கு முந்தின வெள்ளி ஐம்பத்தெட்டு. இன்றைக்கு நாற்பத்தொன்பது. கணக்கு ரொம்ப எளிது. சாம்பல் புதன் கழிந்து மூன்றாவது வெள்ளி இது. மனுஷன் மறுபடி ஒருசந்தி தொடங்கிவிட்டார், இன்சுலினும் போட்டுக்கொண்டு. மற்ற நாளில் அந்தக் குறைக்கு வட்டியும் முதலுமாகத் தின்று தீர்க்கிறார், பொரித்த பரோட்டாவோ மக்ரூனோ. அவளுக்குச் சொல்வது மட்டும் நூத்தி முப்பத்தொண்ணு. டாக்டரிடம் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவந்தாள். புது பஸ் ஸ்டாண்டில் ஆறாவது தடவையும் எடுக்காதபோது, வெயிலில் நின்றபடியே நேர்ந்துகொண்டாள். பனிமய மாதாவே, அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, ஆகாம மட்டும் காப்பாத்து, இன்னிக்கு முழுக்க நான் ஒரு வார்த்தை கத்த மாட்டேன். மெழுகுவர்த்தியோ உண்டியல் காணிக்கையோ நேர்ந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். பயத்தில் மனுஷருக்கு இருக்கிறதிலேயே கஷ்டமானதுதான் வாயில் வருகிறது.

தாமிரபரணிப் பாலம் வந்தது. தண்ணீர் இருந்தது, ஓரத்தில் யாரோ எருமை குளிப்பாட்டினார்கள். ஆக, ஆள் பிழைத்துவிட்டார், மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். ஆனால் இன்னும் மூன்று வெள்ளிக்கிழமை இருக்கிறது, பெரிய வெள்ளியைச் சேர்த்தால் நாலு. இந்த வெள்ளி பிழைத்தவர் அடுத்த வெள்ளி? அவள் இங்கே முப்பது மைலுக்கு அப்பால் யாருக்கோ சோற்றுக்குப் பதில் எத்தனை சப்பாத்தி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் அங்கே கூடத்தில் தனியாகக் கிடப்பார், போன் அடித்துக்கொண்டிருக்கும். வந்த நிம்மதி பாதியில் நின்றது. கேட்டுவிட வேண்டியதுதான். கத்தாமல் கேட்க வேண்டும். வல்லநாட்டு மலை ஜன்னலில் தெரிந்தபோது மறுபடி போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். "சாப்ட்டீயளா?" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது, ஆஸ்பத்திரியில் கைக்குழந்தையோடு பேசுகிற குரல். "காலையில நாலு இட்லி தின்னேன். மத்தியானத்துக்கு இனிமேத்தான். ஏன்?" "இன்னிக்கு வெள்ளிக்கிழம." "ஆமா, அதான் கறி எடுக்கல. சாளை மீன் வாங்கி வச்சிருக்கேன், நல்ல சாளை." "ஒருசந்தி இருக்கீயளா?" "யாரு, நானா? ஃபாதர் வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போன பெறவுமா? மைக் போட்டுச் சொல்லாத குறை. நான் எங்க இருக்கேன்!" அதில் பழைய வருத்தம் இருந்தது, பொய் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் பொய் சொல்லும்போது குரல் கொஞ்சம் மெல்லிசாகும் என்று அவளுக்குத் தெரியும். "அப்ப நாப்பத்தொம்பது யாருக்கு?" அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "எந்த நாப்பத்தொம்பது?" இப்போது குரல் மெல்லிசாகிவிட்டது. "பதினொண்ணு நாப்பதுக்கு." "அது ஒனக்கு எப்படித் தெரியும்?" "ஆப்பு சொல்லிச்சு." "அது இந்தப் போனுலயே இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றார் கில்பர்ட். "அது எனக்கு இல்ல புள்ள. விக்டோரியா மைனிக்கு."

விக்டோரியா மைனி அடுத்த வீடு. கில்பர்ட்டின் பெரியப்பா மகன் பெண்சாதி. கணவர் இறந்தபிறகு தனியாக இருக்கிறாள், மகன் மஸ்கட்டில். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து தவக்காலத்து வெள்ளி ஒன்றைக்கூட விட்டதில்லை. "ஒருசந்தி இருந்தா, சரி. மாத்திரை போட்டிருக்கா, ஜெசி! மாத்திரை டாக்டர் குடுத்தது, ஒருசந்தி ஆண்டவருக்கு, ரெண்டயும் எப்படி விடதுன்னு கேக்கா. நான் என்ன சொல்ல? கொஞ்சம் தல சுத்துதுன்னு பதினொண்ணரைக்கு வந்தா, பாத்தா நாப்பத்தொம்பது, நாற்காலியிலயே சாஞ்சிட்டா. சீனிய மூணு கரண்டி தண்ணியில கரைச்சுக் குடுத்து, கொஞ்சம் தெளிஞ்சதும் கைத்தாங்கலா அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், மெஷினக் கொண்டு போனேன், போனு இங்கன மேசையில கெடந்துட்டு. கால் மணிக்கு ஒருக்கா பாத்தேன், நீ சொல்லித் தந்த மாதிரி. எழுவத்தொண்ணு, பெறவு நூத்தி நாலு. இப்ப நல்லா இருக்கா, திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன், இங்கனதான் உக்காந்து ரசஞ்சோறு திங்கா." ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். "திங்கக்கிழம முன்னூத்திப் பன்னெண்டு?" "அது நம்ம டெய்லர் சுடலைமுத்து. டீயில மூணு சீனி போடுதான் பயல்." "இருநூத்தி எழுவது?" "காதர் பாய் சம்சாரம்." "எம்பத்தாறு?" "அது காதர் பாய். அவருக்குச் சுகர் கெடையாது, பொஞ்சாதிக்குத் துணைக்குக் குத்திக்கிடுதாரு." "முன்னூத்தி அம்பது?" "புதன்கிழமையா? இரு... ஆங், எதுத்த வீட்டு மெர்லினோட மாமியா. அன்னைக்கே ஒங்க டாக்டர்ட்ட போகச் சொல்லிட்டேன், வருவா." "ஊசி?" என்றாள், கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆளுக்கு ஒரு ஊசி. குத்துத பேனாவத் தொடவே விடமாட்டேன், மாத்திக் குத்தி, பஞ்சு வச்சு, டப்பாவுல போட்டு மூடுதேன். என்ன நீ, என்ன என்னன்னு நெனச்ச?" தெருவே வந்து விரலை நீட்டியிருக்கிறது. இத்தனை பேர் ரத்தத்தையும் அந்தப் பச்சை ஒரே மனுஷன் தலையில் கட்டி, கில்பர்ட், கில்பர்ட், கில்பர்ட் என்று எழுதி வைத்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வெடித்தது, கூடவே கண்ணிலிருந்தும் கொட்டியது. முருங்கைக்காய் அம்மாள் முழுசாக முழித்துக்கொண்டு, "ஏம்மா, துட்டியா, யாரும் தவறிட்டாவளா?" என்றாள். இல்லைம்மா, நல்ல சேதி, எங்க வீட்டு ஆளு நல்லா இருக்காரு என்றாள் ஜெசிந்தா. அந்த அம்மாள் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கட்டும், என்று இரண்டு முருங்கைக்காயை உருவி அவள் மடியில் வைத்தாள்.

நிம்மதி இந்தத் தடவை முழுசாக வந்தது. வாகைக்குளத்தில் ஒரு விமானம் தாழ இறங்கிக்கொண்டிருந்தது, சின்னப்பிள்ளை மாதிரி கழுத்தை வளைத்து அது மறைகிறவரை பார்த்தாள். பையிலிருந்து தாளை எடுத்தாள். தகவலின் துல்லியம்: ஐந்து. அதை அடிக்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோனவள் அடிக்கவில்லை. எதை அடிக்க? நாற்பத்தொன்பது பொய்யில்லை. முன்னூற்றைம்பதும் பொய்யில்லை. யாரும் கை வைக்க முடியாது என்று அடிக்கோடு போட்டு எழுதினாளே, அதுகூடச் சரி, கை வைக்கவில்லை, விரலைத்தான் வைத்தார்கள். இருபத்துமூன்று கேள்வி எழுதினவர்கள் யாருக்கும் ஒரு தெருவுக்கு ஒரு மெஷின் என்பது தோன்றவில்லை. அவர்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று இருக்கும் போல. அவளுக்கும்தான் தோன்றவில்லை, இந்தத் தெருவிலேயே இருபத்தாறு வருஷம் குடியிருக்கிறவளுக்கு. கடைசியில் பிற குறிப்புகள் என்று இருந்த இடத்தில், பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணக்கோண, யாருடைய விரல் என்று இது கேட்பதில்லை, என்று எழுதினாள். எழுதியதும் கோபம் வந்தது, வராமல் எங்கே போகும். ஏன் சொல்லவில்லை? ஐந்து வாரம்! தினம் காலையில் வாசலில் நின்று எண்ணைச் சொல்கிற வாய், நேற்று டெய்லர் வந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொன்னால் கத்துவாள். அதுவும் தெரிந்ததுதான். மைனி செய்தது என்ன வேலை? மாத்திரையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்து, நாற்பத்தொன்பதில் ஒரு ஆள் இல்லாத வீட்டில் தனியாகக் கிடந்திருந்தால்? மஸ்கட்டிலிருந்து மகன் எதற்கு வந்திருப்பான்? பச்சை ஆப் இல்லாமல் மெஷின் இல்லை, மெஷின் இல்லாமல் மைனி வந்திருக்க மாட்டாள். அவர் வீட்டில் சும்மா இருந்ததால்தான் வந்தாள். இனிமே எனக்குச் செய்ய என்னதான் இருக்கு என்று கேட்ட மனுஷன், இன்றைக்கு ஒரு உயிரை மூன்று கரண்டி சீனியில் இழுத்துப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். கையில வேல கெடக்கு என்றாரே, அந்த வார்த்தையை அவர் சொல்லி அவள் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டாமா? புதுக்கோட்டை தாண்டும்போது கேட்க வேண்டியதெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது, ஏழெட்டு நல்ல வாக்கியங்கள், ஒவ்வொன்றும் சுருக்கென்று தைக்கிற மாதிரி. அப்போதுதான் நேர்ச்சை நினைவுக்கு வந்தது. மாதாவே, என்றாள், இந்தத் தடவை வேறு ராகத்தில்.

வீட்டு வாசலில் நாலு ஜோடி செருப்புக் கிடந்தது. உள்ளே கூடத்தில் விக்டோரியா மைனி முக்காட்டைச் சரி செய்தபடி தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தாவைக் கண்டதும், "ஏம்மா, இவரு ஒன்னயும் வரவழைச்சிட்டாரா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். ஒண்ணும் இல்லயாம். இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் அந்த வியாதி. மைனி தலையில் கையை வைத்து, கன்னத்தைத் தொட்டு, கை குளிர்ந்து கிடக்கிறதா என்று பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ரெண்டு வார்த்தை கேட்க வாயைத் திறந்தவள், நேர்ச்சையை நினைத்து மூடிக்கொண்டாள். டெய்லர் சுடலைமுத்து சுவரோரமாக எழுந்து நின்று பேந்தப் பேந்த முழித்தான், காதர் பாயும் அவர் சம்சாரமும் சேதி கேட்டு மைனியைப் பார்க்க வந்திருந்தார்கள். மேஜைமேல் துண்டு விரித்து, மெஷின், பஞ்சு, ஊசி டப்பா எல்லாம் ஒரு நூல் பிசகாமல் வரிசையாக இருந்தன. பக்கத்துச் சுவரில், அவள் ஒரு நாளும் கிட்டப் போய்ப் பார்க்காத பங்குக் கோயில் நாட்காட்டி. அதில் ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து, நேரம், ஆள், எண். கிரேன் ஓட்டிய நாளில் சுமைக் குறிப்பு எழுதின அதே சாய்ந்த எழுத்து. அவள் கிட்டப் போய்ப் படித்தாள். சுடலை 312. கா. பாய் வீடு 270. மெர்லின் மாமியா 350, டாக்டர். விக்டோரியா 58, அதன் கீழே ஒரு கோடு. ஒவ்வொரு கட்டத்திலும் முதல் வரி மட்டும் ஒரே மாதிரி இருந்தது: 6.00, நான், 131. 6.00, நான், 128. 6.00, நான், 133. ஐந்து வாரமும் அப்படியே, ஒரு நாள்கூட நூற்று நாற்பதைத் தாண்டவில்லை. அவர் வாசலில் நின்று சொன்ன எண்கள். சிவப்பையே பார்த்துக்கொண்டு வந்ததில், வரைபடத்தில் இந்த அமைதியான புள்ளிகள் அவள் கண்ணில் படவே இல்லை. அவருக்கு ஒன்றும் இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. தொண்டையில் வரிசை கட்டி நின்ற வாக்கியங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து போயின. போகாத ரெண்டு மூன்றை அவள் முழுங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்காயை மடியில் வைத்துக்கொண்டு கில்பர்ட்டையே பார்த்தாள். என்ன பேசினாலும் அழுகையாகத்தான் வரும் போல இருந்தது.

கில்பர்ட் திட்டு வாங்கத் தயாராக மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று, ரெண்டு நிமிஷம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் இருந்த குற்ற உணர்ச்சி போய் பயம் வந்தது. "ஜெசி, ஏன் பேச மாட்டேங்க?" அவள் தலையை ஆட்டினாள். "என்ன, கண்ணு வெறிச்சாப்ல இருக்கு? நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு. காலையில சாப்ட்டியா?" சாப்பிடவில்லை என்று கையை விரித்தாள். "ஏய்!" என்றார் கில்பர்ட். சளசளன்னு பேசுற ஆளு திடீர்னு வாய மூடிட்டா மொதல்ல சுகர் பாக்கணும், மத்ததெல்லாம் பெறவு என்று அவள்தான் இந்தக் கூடத்தில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள், கிளினிக் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியும் இருக்கிறாள். "கைய நீட்டு" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், திறந்தால் என்ன வருமோ என்று பயந்து மூடிக்கொண்டாள், அது அவருக்கு இன்னும் பெரிய அத்தாட்சியாகப் போயிற்று. இழுத்துப் பிடித்த கை இரும்புப் பிடி, ஆனால் குத்தியது தெரியவே இல்லை. புது ஊசி, பஞ்சு, சொட்டு. மைனி சிலுவை போட்டுக்கொண்டாள். டெய்லரும் காதர் பாயும் எட்டிப் பார்த்தார்கள். மெஷின் அஞ்சிலிருந்து கீழே எண்ணியது. "தொண்ணூத்திரெண்டு" என்று கில்பர்ட் சத்தமாகச் சொல்லிவிட்டு, நின்ற மூச்சை விட்டார். கூடத்தில் இருந்த எல்லாரும் விட்டார்கள். அவர் நாட்காட்டிப் பக்கம் போய்ப் பென்சிலை நாக்கில் தொட்டு, கடியாரத்தைப் பார்த்து, 1.55, ஜெசி, 92, என்று எழுதினார். அவள் பைக்குள் போன் அதிர்ந்தது. ஈரமான விரலோடு எடுத்துப் பார்த்தாள். பச்சையாக வந்திருந்தது.

"கில்பர்ட்: 92. கில்பர்ட் நலமாக இருக்கிறார்."